துப்பக் கூடாத பழம்

என் அக்கா வனிதாவைக் கட்டியவர் மோகனசுந்தரம். முதலமடைப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும், மீதிப் பேருக்கு அவருடைய பைக் சத்தம் தெரியும். தோப்புக்காரருக்கும் மண்டிக்காரருக்கும் நடுவில் நிற்கிற மாங்காய்த் தரகர். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று சொன்னால் ஊரே சிரிக்கும். ஆனால் நிஜம் அதுதான். விலையை முன்னே பின்னே இழுத்துப் பேசுவாரே தவிர, நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. பின்னால் வீடே சேர்ந்து அவரைப் பொய்யர் ஆக்கியபோது மனுஷன் உடைந்துபோனதற்கு அதுதான் காரணம்.

அவருக்குச் சோறு போட்டது அவருடைய நாக்கு. எங்கள் பக்கம் மழை குறைவு, மா மட்டும் தேசத்துக்கே முன்னால் காய்த்துவிடும். தை பிறந்தால் வடக்கே போகிற லாரிகள் வந்து நிற்கும். காயை எப்போது பறிக்கலாம், என்ன விலை போகும் என்று முடிவு செய்ய, தோப்புக்காரர் மரத்துக்கு ஒன்றிரண்டு காயை முன்கூட்டியே பறித்து வைக்கோலில் பழுக்க வைத்திருப்பார். தரகர் வந்து அறுத்து வாயில் போட்டுப் பார்த்துச் சொல்லவேண்டும். “கெழக்கு வரிசை நாளைக்கே எறக்கலாமுங்க. இந்த மூணு மரத்த ஒரு வாரம் விடோணும்” என்று மச்சான் சொன்னால் மண்டிக்காரன் மறுபேச்சு பேசமாட்டான். பங்கனப்பள்ளி, செந்தூரம், காளப்பாடி எதுவானாலும் சரி.

அந்த நாக்குக்காரருக்குச் சர்க்கரை வந்தது. அது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். மாத்திரையைக்கூட இங்கே மருந்துக்கடையில் வாங்கமாட்டார், பொள்ளாச்சி போகிறபோது வாங்கி வருவார். சர்க்கரைக்காரனுக்கு நாக்கு மரத்துவிடும் என்று மண்டியில் ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இருக்கிறதோ இல்லையோ, பேச்சு கிளம்பிவிட்டால் தரகு போச்சு. ஆகையால் மச்சான் யாரிடமும் பொய் சொல்லவில்லை, யாரும் கேட்கும்படி வைத்துக்கொள்ளவும் இல்லை.

போன மார்கழியில் சாயங்காலம் பைக்கோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார். மேடு எது பள்ளம் எது என்று தெரியவில்லையாம். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இடது கண்ணில் புரை முற்றியிருந்தது. வலது கண் அதைவிட மோசம், சர்க்கரை உள்ளே நரம்பையே தின்றிருந்தது. “வலதை இருக்கிறபடி காப்பாற்றத்தான் பார்க்கலாம். நீங்கள் பார்க்கப்போவது இந்த இடதை வைத்துத்தான். ஆனால் இவ்வளவு சர்க்கரையில் நான் கத்தி வைக்கமாட்டேன், இறக்கிக்கொண்டு வாருங்கள்” என்றார் டாக்டர். இறக்குவதற்கு எங்களைத் தமிழ்ப்ரியாவிடம் அனுப்பினார்கள்.

தமிழ்ப்ரியா சித்தூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டயட்டீஷியன். நல்லேப்பிள்ளிக்காரப் பெண், நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள். அதனால் ‘சோற்றையே விட்டுவிடுங்கள்’ என்று சொல்லி எங்களை விரட்டவில்லை. காலையில் என்ன, மத்தியானம் எவ்வளவு சோறு, எவ்வளவு கொள்ளுப்பருப்பு, தட்டில் பாதிக்குக் காய் என்று பொறுமையாக எழுதிக் கொடுத்தாள். கடைசியில் போனைக் கேட்டாள்.

“ஏனுங்க, ஒரு ஆப் போட்டுத் தாரனுங்க. வாயில போற அத்தனையும் இதுல ஏத்திருங்க. வெரல்ல குத்திப் பாக்கற சக்கரையும் ஏத்திருங்க. நான் இங்கிருந்தே பாத்துக்குவன். தப்பா இருந்தா திட்டமாட்டேன், மறைச்சாத்தான் கோவம் வரும்.”

“நான் எதுக்கு அம்முணி மறைக்கறேன்?” என்றார் மச்சான்.

எனக்குக் காம்பரத்துச்சள்ளையில் மொபைல் கடை. ஊருக்கெல்லாம் போன் பார்க்கிறவன் வீட்டு ஆளுக்குப் பார்க்கமாட்டேனா? எழுத்தைப் பெரிதாக்கி, வாயால் சொன்னால் ஏறுகிற மாதிரி செய்துகொடுத்தேன். அந்த ஆப்பைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ தெரியாது. அதில் வெண்ணெய்ப்பழ ரொட்டி இருந்தது, ஓட்ஸில் ஒன்பது விதம் இருந்தது, அரிசிம்பருப்புச் சோறு இல்லை. கோயமுத்தூரிலிருந்து கொல்லங்கோடு வரைக்கும் ஒரு ஜனம் அதைத்தான் தின்று வளர்ந்திருக்கிறது, அவனுக்கு அது தெரியவில்லை. தமிழ்ப்ரியா அங்கிருந்து கணக்குப் போட்டு அதைச் சேர்த்துவிட்டாள்.

மச்சான் ஆப்பைப் பிடித்த பிடி விடவில்லை. தட்டு வந்ததும் போட்டோ, அப்புறம்தான் கை. “சாமிக்குப் படைக்கறாப்புல போனுக்குப் படைச்சுட்டுத்தான் திங்கறாரு. ஆறிப்போவுது” என்று அக்கா புலம்பினாள். சாயாக்கடையில் சர்க்கரை இல்லாத சாயா குடித்தால் அதையும் ஏற்றுவார். ஒருநாள் யார் வீட்டிலோ முறுக்கு ஒன்றைக் கடித்துவிட்டு, பைக்கை ஓரம்கட்டி நின்று, “அரை முறுக்கு” என்று போனிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். சர்க்கரை சேராத ஆளுக்கு உறவு சேராது என்று யாரோ கேலி பேசியதற்கும் அவர் மசியவில்லை. கேலி பேசியவனுக்குக் காரணம் தெரியாது, வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டான்.

ஆப்பில் சாப்பாட்டுப் பக்கம் முழுக்கப் பச்சையாக இருந்தது. சர்க்கரைப் பக்கம் முழுக்கச் சிவப்பு.

தை மாதம் பூராவும் இப்படியே போயிற்று. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், அப்படியும் சிவப்பு. கண் ஆஸ்பத்திரியில் தேதி கேட்டோம், “இந்தச் சர்க்கரையிலா?” என்று திருப்பி அனுப்பினார்கள். வெயிலில் போனால் எல்லாம் பால் தெளித்த மாதிரி தெரிகிறது என்று சொல்ல ஆரம்பித்தார் மச்சான். பைக் சாவியை அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். தோப்புக்குத் தோப்பு ஆட்டோவில் போனார்.

வீட்டில் சந்தேகம் நுழைந்தது. அக்கா என்மேல் பாய்ந்தாள், கடையில் வைத்து நான் அவருக்கு ஏதோ வாங்கித் தருகிறேனாம். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. என் கடையில் சார்ஜரைத் தவிர என்ன இருக்கிறது? அப்புறம் அவள் அவருடைய சட்டைப்பையைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். “மச்சான், உள்ளதச் சொல்லீருங்க. தோப்பு வழியில எங்கயாச்சும் அல்வா கில்வா...” என்று கேட்டுவிட்டேன்.

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். “தின்னதப் பூராவும் அந்தக் கருமத்துல சொல்லியாச்சு. பொண்டாட்டியும் நம்பலை, மச்சினனும் நம்பலை. எனக்குக் கண்ணே வேண்டாம், உடுங்கடா” என்றார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் அதையும் ஆப்பில் ஏற்றினார்: மத்தியானம், ஒன்றுமில்லை.

முடிச்சை அவிழ்த்தது தமிழ்ப்ரியா. ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டாள். நாங்கள் மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

“ஏனுங்க, ஞாயித்துக்கெழம மட்டும் உங்க சக்கரை நல்லா எறங்கியிருக்குதே, பாத்தீங்களா? ஒரு வாரமில்லீங்க, எல்லா வாரமும். சாப்பாடு அதேதான். அன்னிக்கு என்ன பண்றீங்க?”

“ஞாயித்துக்கெழம மண்டி லீவுங்க. ஊட்டுலதான் இருப்பேன்.”

“மத்த நாளு?”

“தோப்புக்குப் போவனுங்க.”

“அங்க என்ன சாப்புடுவீங்க?”

“ஒண்ணும் சாப்புடறதில்லீங்க. ருசி பாக்கறதோட சரி.”

பக்கத்தில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் அந்த நிமிஷம்தான் உறைத்தது. எங்கள் மூன்று பேருக்குமே அது தெரியும், பிறந்ததிலிருந்து தெரியும். மரம் ஏறுகிறவன் ஏறுகிறான், லாரிக்காரன் ஓட்டுகிறான், தரகன் ருசி பார்க்கிறான். அது வேலை. வேலையைப் போய் யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா?

“எத்தன பழமுங்க?” என்று கேட்டாள்.

“மரத்துக்கு ஒரு கீத்து, ரெண்டு கீத்து. தோப்புக்குப் பத்துப் பன்னெண்டு மரம். ஒரு நாளைக்கு நாலஞ்சு தோப்பு இருக்குமுங்க. சீசன்ல கூடும்” என்றார் மச்சான். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

“அதெல்லாம் வயித்துக்குள்ளதானுங்களே போவுது?”

அவர் ஆப்பைத் திறந்து, அன்றைக்குக் காலையில் ருசி பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொல்லி ஏற்றினார். பச்சையாக இருந்த சாப்பாட்டுப் பக்கம் எங்கள் கண்ணெதிரே மஞ்சளாகி, சிவப்பாயிற்று. அதற்கு மேல் அந்த ஆப்பிடம் நிறம் இல்லை.

அதற்கு வழி சுலபம் என்று நினைத்தாள் தமிழ்ப்ரியா. மென்று ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுங்கள், வாயைக் கொப்பளியுங்கள், அவ்வளவுதான் என்றாள். டீ ருசி பார்க்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்களாம்.

மச்சான் சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை அது. “அம்முணி, தோப்புக்காரன் முன்னால அவன் பழத்தத் துப்பினா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாது.”

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தரகன் பழத்தைத் துப்பினால் அந்தத் தோப்புக் காயைக் கழித்துவிட்டான் என்று அர்த்தம். புளிப்பு, புழு, தண்ணீர்க் காய், எதுவாகவும் இருக்கலாம். வாயால் சொல்லக் கூசுவதைத் துப்பிக் காட்டுவது. துப்பிய சேதி பறிக்கிற ஆட்களோடு சாயங்காலத்துக்குள் மண்டிக்குப் போய்விடும். அப்புறம் அந்தப் பழத்துக்கு யாரும் வாய் திறந்து விலை சொல்லமாட்டார்கள். அதனால்தான் மோசமான பழத்தைக்கூட நல்ல தரகன் முழுங்கிவிட்டு, தோப்புக்காரரைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொல்வான். முழுங்குவது மரியாதை.

“அப்ப சக்கரைன்னு சொல்லீருங்க.”

“சொன்னா அதோட தரகு முடிஞ்சுது.”

அதன் பிறகு அரைகுறை வழியெல்லாம் பார்த்தார். கீற்றை மெல்லிசாக அறுத்தார். பழம் பிடிக்கவில்லையோ என்று பயந்த தோப்புக்காரர்கள் தாங்களே பெரிய துண்டாக அறுத்து வாயில் ஊட்டாத குறையாகக் கொடுத்தார்கள். தித்திப்பை அளக்கிற சின்னக் கருவி ஒன்று உண்டு என்று நான் சொன்னேன். “அது தித்திப்பச் சொல்லும், நாரச் சொல்லுமா? லாரியில மூணு நாள் தாங்குமான்னு சொல்லுமா?” என்று எரிந்து விழுந்தார். தோப்புகளைக் குறைத்தார். சிவப்பு கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான், கத்தி வைக்க அது போதவில்லை.

ஒருநாள் அக்கா அடுப்படியிலிருந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். சண்டை போடுகிற முகமில்லை. “ஏனுங்க, அடுத்த சீசனுக்கு உங்களக் கையப் புடிச்சு நாந்தான் தோப்புக்குக் கூட்டிட்டுப் போகோணுமா? பழத்த உங்க கையில குடுத்து, இது செவப்பு, இது மஞ்சள்னு நான் சொல்லோணுமா? எனக்கு ஒண்ணுமில்லீங்க, நான் சொல்லுவேன். நீங்க தாங்குவீங்களா?” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளே அழுதுவிட்டாள். மச்சான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். நான் போனை நோண்டுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் குப்பண்ணன் தோப்பு. சுள்ளியாறு அணைக்குப் போகிற வழியில் இருக்கிறது. மச்சான் தரகுக்கு வந்த முதல் வருஷம் அவரை நம்பித் தோப்பைக் கொடுத்தது குப்பண்ணன்தான், அதிலிருந்து வேறு யாரிடமும் பேசியதில்லை. அவர் தோப்பைப் பிடித்ததால்தான் மற்றவர்கள் வந்தார்கள். அன்றைக்கு நான்தான் மச்சானைக் கூட்டிப் போனேன்.

குப்பண்ணன் மரத்தடியில் சாக்கு விரித்துப் பழத்தை வரிசையாக வைத்திருந்தார். பறிக்கிற ஆட்கள் கூடையோடு நின்றிருந்தார்கள். “வாப்பா மோகனு” என்று வரவேற்று, தன் கத்தியாலேயே பங்கனப்பள்ளியைக் கன்னம் கன்னமாக அறுத்து நீட்டினார். முதல் கீற்றை மச்சான் முழுங்கினார். இரண்டாவதை மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பிறகு எழுந்து, நாலெட்டு நடந்து, வாய்க்கால் ஓரம் குனிந்து துப்பினார்.

கூடைக்காரர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். குப்பண்ணன் கையில் கத்தி அந்தரத்தில் நின்றது.

“மோகனு, என்ற தோப்புல துப்பறியா?”

மச்சான் திரும்பி வந்தார். சட்டையின் கையில் வாயைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “பழம் தேனுங்க. இந்த வருஷம் நான் வாயில வெச்சதுல இதுக்கு மேல ஒண்ணுமில்லீங்க. எனக்குத்தானுங்க சரியில்லை. சக்கரை. வருஷக்கணக்கா இருக்குது. ஒரு கண்ணு போயிருச்சு, இன்னொண்ணும் போகப்போவுது. இனி எந்தத் தோப்புலயும் நான் முழுங்க முடியாதுங்க.”

குப்பண்ணன் கத்தியைச் சாக்கில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். கோபக்கார மனுஷர், கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீ சொல்றத நான் நம்பறேன். நீ பொய் சொல்லமாட்டே. ஆனா இத்தன பேரு பாத்துட்டாங்க. துப்பினதுதான் மண்டிக்குப் போய்ச் சேரும், நீ சொன்ன காரணம் போய்ச் சேராது. உன்னையே வெச்சு இத வித்தா என்ற பழத்துக்கு எவன் வெலை சொல்லுவான்? வேற ஆளு வந்து முழுங்கிக் காட்டோணும்” என்றார். பிறகு, “கண்ணப் பாத்துக்க மோகனு” என்றார்.

தோப்பு பவுல்ராஜுக்குப் போயிற்று. பவுல்ராஜ் கோவிந்தாபுரம் தரகர், ஆள் மோசமில்லை, கொஞ்சம் அவசரக்காரர். மறுநாளே வந்து குப்பண்ணன் பழத்தை நாலு பேர் பார்க்க வயிறு முட்ட முழுங்கிக் காட்டினார் என்று கேள்விப்பட்டோம். மச்சானுக்கு ஊரில் ‘துப்பற மோகன்’ என்று பேர் விழுந்தது. சில தோப்புக்காரர்கள் நாகரிகமாக விலகிக்கொண்டார்கள். சின்னத் தோப்பு வைத்திருக்கிற சிலர், ‘அதனால என்னங்க’ என்று பழத்தோடு ஒரு சொம்புத் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தார்கள். அப்படி வைத்தவர்களில் ஒருவர், எல்லோரும் போன பிறகு, அந்தச் சர்க்கரை ஆப் எங்கே கிடைக்கும் என்று என்னை ரகசியமாகக் கேட்டார். கடைக்கு வரச் சொன்னேன்.

ஆப்பில் சிவப்பு மஞ்சளாயிற்று, மஞ்சள் பச்சையாயிற்று. தமிழ்ப்ரியா போனில் கைதட்டுகிற பொம்மைப் படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு மச்சான் போனைக் கவிழ்த்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கும் மற்ற நாளுக்கும் இப்போது வித்தியாசமே இல்லை, சர்க்கரையிலும் இல்லை, வேலையிலும் அநேகமாக இல்லை.

பங்குனிக் கடைசியில் இடது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்ததும் முதலில் அக்காவைத்தான் பார்த்தார். “என்ன, இவ்வளவு நரை?” என்றார். “இத்தன நாளா தெரியலையாக்கும்” என்று அவள் சிரித்தாள். கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, கையால் துடைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தமிழ்ப்ரியாவும் கூப்பிட்டு, இப்போதுதான் கவனமாக இருக்கவேண்டும், ஆப்பை விட்டுவிடாதீர்கள் என்றாள்.

ஒரு வாரம் போயிருக்கும். வீட்டில் அடைந்து கிடக்க முடியவில்லை என்று என் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அக்காவும் துணைக்கு வந்திருந்தாள். பொள்ளாச்சி ரோட்டில் போகிற லாரி ஒன்று கடைக்கு எதிரே நின்றது. டிரைவர் டயரைத் தட்டிப் பார்க்க இறங்கினான். பின்பக்கம் தார்ப்பாய் சரியாகக் கட்டாமல் ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே மரப்பெட்டியில் பங்கனப்பள்ளி. பெட்டியில் பவுல்ராஜின் அடையாளம்.

மச்சான் எழுந்து ரோட்டோரம் போய் நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏனுங்க, வெயிலு!” என்று அக்கா ஓடினாள். நானும் போனேன். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. பெட்டி இடுக்கில் தெரிந்த காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குப்பண்ணன் தோப்புக் காய், கடைசிப் பறிப்பு. காம்புக்கிட்ட பாரு மாப்ளே, இன்னும் பச்ச உடலை. தோளும் எழும்பலை. இன்னொரு அஞ்சு நாளு மரத்துல உட்டிருக்கோணும். அதுக்குள்ள எறக்கிட்டான்” என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற எனக்கு அது வெறும் மாங்காய்.

“அத்தன நல்லாத் தெரியுதுங்களா உங்களுக்கு?” என்றாள் அக்கா.

“எல்லாந் தெரியுது” என்றார் மச்சான். லாரி கிளம்பிப் போயிற்று. அது திருப்பத்தில் மறையும் வரைக்கும் அவர் பார்த்தார். அந்தப் புதுக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் இறங்கியது. தண்ணீர் படக் கூடாது, கை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், எப்படித் துடைப்பது என்று தெரியாமல் அக்கா முந்தானையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.